பதினொரு நாள் ஒருசந்தி

என் வாய் பொல்லாதது. அம்மா சொல்வா, கணவர் சொல்வார், பாடசாலை அதிபர் ஒருமுறை எழுத்திலேயே தந்திருக்கிறார். அந்த வாயால் ஒரு பிள்ளை செத்துப்போகப் போகிறது என்ற பயம் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு எனக்கு வந்தது. இன்னும் அது முழுதாகப் போகவில்லை.

மன்னார்த் தீவில் பேசாலைக்கு அங்கால், கடலை ஒட்டிய சின்னப் பாடசாலை ஒன்றில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும் பாடசாலை. ஆசிரியர்கள் குறைவு என்பதால் விளையாட்டும் என் தலையில் விழுந்தது. எனக்கு விசில் ஊதவே ஒழுங்காக வராது. மைதானம் வெறும் மணல். பின்னேரம் சுண்ணாம்பால் கோடு போட்டால் விடிவதற்குள் காற்று பாதியை அழித்துவிடும், மீதியில் கழுதைகள் நிற்கும். அந்த மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய ஒருத்தி என் பதினோராம் வகுப்பில் இருந்தாள். ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் அவளைப் பிடிக்க எங்கள் கல்வி வலயத்திலேயே ஆள் இல்லை. கணிதத்தில்தான் அவளைத் தூக்கிவிட என்னால் முடியவில்லை. சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாவிட்டால் உயர்தர வகுப்புக்குப் போக முடியாது. தாயோடு கருவாடு காயப்போடப் போகவேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும்.

தவக்காலம் தொடங்குவதற்கு முதல் வாரம் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்குப் பத்தொன்பது புள்ளி. தாளை நீட்டிக்கொண்டே சொன்னேன்:

“கணக்கு உனக்குப் பிடிபடாது, பிள்ளை. மாதாவுக்குப் பெரிய நேர்த்திக்கடன் ஒண்டு வை. இனி அதுதான் வழி.”

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் அடுத்த தாளை எடுத்தேன்.

அந்த வருடம் முஸ்லிம் பிள்ளைகளின் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாய் வந்தன. நோன்பு பிடிக்கிற பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டு ஓட்டப் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டேன். எங்கள் பிள்ளைகள் ஒருவரையும் கேட்கவில்லை. எங்களுக்கு ஒருசந்தி என்றால் ஒருநேரச் சாப்பாடு, அதுவும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையோடு சரி. தண்ணீருக்குத் தடையே இல்லை. நானே வெள்ளிக்கிழமையில் இறைச்சியை விட்டுவிட்டு இறால் பொரித்துச் சாப்பிடுகிற ஆள். அதனால் கேட்கத் தோன்றவில்லை. அந்த வாரங்களில் அவள் கரும்பலகையைப் பார்த்தபடி எங்கேயோ இருந்தாள். மண்டைக்குள் என்ன களிமண்ணா என்று இரண்டு தரம் ஏசியும் இருக்கிறேன்.

வலயப் போட்டி அந்தப் புதன்கிழமை மன்னார் நகரில் நடந்தது. மூன்றாவது சுற்று முடியும்வரை அவள்தான் முன்னுக்கு. பிறகு அவளுடைய கால்கள் ஒன்றையொன்று தட்டத் தொடங்கின. நான் விசிலை விட்டுவிட்டு ஓடினேன். போய்ச் சேருமுன் முகம் குப்புற விழுந்துவிட்டாள். புரட்டிப் பார்த்தால் உதடு வெளுத்து, உடம்பு காய்ந்து, ஒரு சொட்டு வியர்வை இல்லை. போத்தலை வாயில் வைத்தேன். அரை நினைவிலும் பல்லை இறுக்கிக்கொண்டாள். தண்ணீர் கன்னத்தால் வழிந்து மணலுக்குள் போனது.

பின்னால் ஓடிவந்த அவளுடைய சிநேகிதி சொன்னாள்:

“ரீச்சர், அவள் குடிக்கமாட்டாள். தவக்காலம் முழுக்கப் பொழுதுபடுமட்டும் தண்ணியும் இல்லையெண்டு நேர்த்தி. கணக்குப் பாஸ் பண்ண.”

யார் இப்படியெல்லாம் செய்யச் சொன்னது என்று கத்தினேன். அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்தது.

“நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள்.”

ஓட்டோவில் அவளுடைய தலை என் மடியில் கிடந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே போனேன். எனக்குச் செபம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது தாய் வந்தா. கையில் மீன் செதிள் ஒட்டியபடியே இருந்தது. அடிப்பா, குறைந்தது ஏசுவா என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவ உள்ளே போய் மகளைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தா.

“உயிருக்குப் பயமில்லையாம். இனிப் பட்டினி கிடக்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பாஸ்குப் பெருநாளுக்கு இன்னும் பதினொரு நாள் கிடக்கு, ரீச்சர். நேர்த்தி குறையில நிண்டால் பிள்ளைக்குத்தான் கேடு வரும். வைக்கச் சொன்ன நீங்களே முடிச்சுவிடுங்கோ.”

கோபத்தோடு சொல்லவில்லை. அவர்கள் ஊரில் ஒருவர் நேர்த்தியை இன்னொருவர் முடித்துக் கொடுப்பது வழமைதான். நான் ஓம் என்றேன்.

பொழுதுபடும்வரை சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் முதல் இரண்டு நாளும் வீறாப்பில் போயின. மூன்றாம் நாள் கரும்பலகை முன் நின்று ஏழும் எட்டும் எத்தனை என்று யோசித்தேன். களிமண் என்று நான் ஏசிய பிள்ளை இப்படித்தான் இருந்திருப்பாள் என்று விளங்கியபோது வெட்கத்தில் சோக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவளோ இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து, ரீச்சருக்குத் தலை சுத்துதோ என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஏழாம் நாள் மத்தியானம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது கண் இருட்டியது. ரோட்டில் நின்ற கழுதையில் மோதாமல் மயிரிழையில் தப்பினேன். ஓரமாக நிறுத்தி, பைக்குள் இருந்த போத்தலைத் திறந்து மூன்று மிடறு குடித்தேன். ஒருவரும் காணவில்லை. மீதி நாட்களை ஒழுங்காகவே பிடித்தேன், ஆனால் அந்த மூன்று மிடறைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. நிகழ்தகவு படிப்பிக்கிற ஆள் நான். தண்ணீருக்கும் பரீட்சைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை ஒருநாளும் நிம்மதியாக நித்திரை கொள்ளவில்லை.

பெறுபேறு வந்தது. மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி, கணிதம் இல்லை. அதை இன்னொரு தரம் எழுதலாம்.

அவளுடைய வீட்டுக்குப் போனேன். தாய் நான் இருக்கக் கதிரையை இழுத்துப் போட்டா. அவள் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்:

“என்ர பிழைதான் ரீச்சர். ஆஸ்பத்திரியில ஏத்தினதும் தண்ணிதானே. அப்பவே நேர்த்தி முறிஞ்சுபோச்சு.”

நேர்த்திக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கத்தான் போனேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அது ஒன்றும் அவளுக்குள் போகாது என்று தெரிந்தது.

“முறிச்சது நீ இல்லை, நான்,” என்றேன். “ஏழாம் நாள் ரோட்டில நிண்டு தண்ணி குடிச்சனான். ஒழுங்காப் படிப்பிக்காமல் உன்னைப் பகிடி பண்ணினதும் நான்தான்.”

தாய் எழும்பி உள்ளே போனா. இனி இந்த வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்தேன். அவ ஒரு கிளாஸ் தண்ணீரோடு திரும்பி வந்தா.

“குடியுங்கோ ரீச்சர். வெய்யிலுக்குள்ள வந்தனீங்கள்.”

நான் குடித்து முடிக்கும்வரை அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போய்க் கணிதக் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள்.