பொன்னாடைக்கு மேல் இருந்த மடிக்கணினி

நஸீமா மௌத்தான செய்தி எனக்குப் பொத்துவிலில் வைத்துக் கிடைத்தது. அவருடைய தம்பிதான் கைபேசியில் பேசினார். "ராத்தா விடிய சுபஹோட மௌத்தாகிட்டா சேர். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். யுத்தம் முடிந்த பிறகு சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றுவது குறைந்திருந்ததால் நேரத்துக்கே ஊர் வந்து சேர்ந்தேன். வழியில் எங்காவது மறித்து வைத்திருக்கக்கூடாதா என்று மனம் ஏங்கியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நலன்புரிச் சங்கத்துக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். சுனாமியில் கணவரையும் வீட்டையும் பறிகொடுத்து, மகளோடு தகரக் கொட்டிலில் இருந்தவர். வீடு கிடைக்க வேண்டியவர்களின் பட்டியலை அவர்தான் தட்டச்சு செய்தார். நான் செயலாளர். நிவாரணத்தோடு வந்த பழைய மடிக்கணினி ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அரைமணி நேரம் ஓடும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

கல்முனை பஸாரில் திருத்துகிறவர் புது பெட்டரி போட்டுத் தந்தார். அப்படியும் அணைந்தது. "எங்கட கடையில விடியத்தில இருந்து நிக்காம ஓடினதே சேர்" என்றார் அவர். நான் முதலில் ஊர் மின்சாரத்தைத் திட்டினேன். பிறகு நஸீமாவைத் திட்டினேன். "நீங்கதான் என்னத்தையோ மாறி அமத்துறீங்க" என்றேன். அவர் அன்றிலிருந்து பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில், அது எங்கே வைத்தால் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு வந்தார்.

என் மேசையில் ஒரு பொன்னாடை விரித்திருந்தது. நிவாரணப் பணிக்காக எனக்கு மேடையில் போர்த்தியது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று நான்தான் விரித்தேன். மடிக்கணினி அதன் மேல் இருந்தது. ஒருநாள் நஸீமா அதைத் தொட்டுக் காட்டினார்.

"குறை நினைக்காதீங்க சேர். இந்தத் துணி நல்ல தடிப்பு. அடியில காத்துப் போக வழியில்ல. சூட்டுலதான் நிக்குது."

"இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தகரத்துக்குக் கீழ இருக்கிற எனக்குச் சூடு தெரியாதா சேர்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கிருந்தோ இரண்டு ஓட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து அடியில் வைத்தார். அன்று முழுக்க ஓடியது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் பொன்னாடையில் குற்றம் கண்டுவிட்டாரே என்று எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பட்டியலை வாங்க அதிகாரிகள் எங்கள் அலுவலகத்துக்கே வருவதாக இருந்த நாளில், மேசை அழகாக இருக்கட்டும் என்று ஓட்டுத் துண்டுகளை எடுத்து வெளியே போட்டேன். நஸீமா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்கள் வாகனம் வாசலில் நின்றபோது இயந்திரம் அணைந்தது.

"இன்னும் ஒரு பேர் மிச்சம் சேர். கொஞ்சம் பொறுத்தா ஆறிரும்."

"ஒரு பேர்தானே, அடுத்த லிஸ்ட்ல போடுவம்."

"கையாலயாவது எழுதிவிடட்டா?"

"பெரிய ஆக்களுக்குக் குடுக்கிற பேப்பர். அதில கிறுக்கவா சொல்றீங்க?"

"ஓம் சேர்" என்றார். முந்தைய நாள் அச்சிட்டு வைத்திருந்ததையே கொடுத்துவிட்டேன்.

ஒரு கிழமை கழித்து அந்தக் கோப்பைத் திறந்தேன். அணையும்போது அடித்துக்கொண்டிருந்ததை இயந்திரம் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தது. கடைசி வரியில் நஸீமாவின் பெயர் இருந்தது. அடையாள அட்டை இலக்கம் பாதியில் நின்றது. ஊர் ஆட்கள் எல்லோரையும் முதலில் போட்டுவிட்டுத் தன்னைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்.

அடுத்த பட்டியல் வரவேயில்லை. என் தவறால் ஒரு பெயர் விடுபட்டது என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். செயலாளர் பிழைவிட்டார் என்று நாலு பேர் கதைப்பார்களே என்று எழுதவில்லை. அவர் கேட்கட்டும், பிறகு பார்ப்போம் என்றும் இருந்தேன். அவர் கேட்கவில்லை. இரண்டு வருடம் அந்தக் கொட்டிலில் இருந்துதான் வேலைக்கு வந்து போனார். எனக்குத் தெரியும் என்பதை நான் காட்டிக்கொள்ளவேயில்லை. வெட்கங்கெட்டவன்.

கொட்டிலில் இருந்துதான் ஜனாஸாவைத் தூக்கினோம். தொழுகைக்கு முன்னால் தம்பி எழுந்து நின்றார். நம் ஊர் வழக்கப்படி, "எங்கட ராத்தா ஆருக்கும் ஏதும் குறை வெச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க" என்று கேட்டார். பள்ளிவாசல் முழுக்க "மன்னிச்சிட்டம்" என்றது.

நானும் சொன்னேன். முதல் வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொன்னேன். நஸீமாவை நினைத்தால் எனக்கென்று மிஞ்சுவது அந்தச் சொல்தான். அந்த மன்னிப்பை நான் யாரிடம் கேட்டிருக்க வேண்டுமோ, அவர் அப்போது எனக்கு முன்னால் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.