ரெஜினா அக்காவின் டாஷ்போட்

பேருந்தொன்றின் அடியில் மல்லாந்து படுத்து வயர் இணைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ரெஜினா அக்காவின் மகள் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலிருந்து கதைத்தாள். “மாமா, அம்மா எங்களை விட்டுப் போட்டா.” வயரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

கொடிகாமத்தில் என் கராச்சுக்கு வந்துபோகிறவர்களுக்கு அக்காவைத் தெரியும். கணவர் அன்ரன் அண்ணை குருநகரிலிருந்து கடலுக்குப் போவார். அக்கா குளிர்ப்பெட்டி லொறியில் மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். “அவன் கடலுக்கு, இவள் றோட்டுக்கோ?” என்று கேட்டவர்களுக்கு, “ஓம், வீட்டுக்கு நீங்கள் காவல் இருங்கோ” என்பார்.

நான் வாகனங்களுக்கு மின்வேலை செய்பவன். முதல்முறை வந்தபோது அவர் இருக்கையில் சாய்ந்திருந்து இடக்கையை நீட்டிக் காட்டினார். விரல் சுவிச்சைத் தொடவில்லை. “ஒவ்வொருக்காவும் குனியேக்கை கண் றோட்டை விட்டுப் போகுது.” முதுகுக்கு ஒரு மெத்தை வைக்கலாம் என்றேன். “நான் இனி வளர மாட்டன் தம்பி. சுவிச் கிட்ட வரட்டும்.”

லைட், வைப்பர், விசிறி எல்லாவற்றின் சுவிச்சுகளையும் ஒரு தகட்டில் பொருத்தி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். பிறகு எண்ணெய் அழுத்தத்துக்கும் பற்றரிக்கும் மீற்றர் கேட்டார். சிவப்பு லைட் போதாதோ என்றதற்கு, “அது பழுதான பிறகுதான் சொல்லும். எனக்கு முதலே தெரிய வேணும்” என்றார்.

மீன் ஏற்றுமிடத்தில் ஒரு சாரதி உள்ளே எட்டிப் பார்த்து, “உதென்ன, லொறியோ பிளேனோ?” என்று சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. “பிளேன்தான். விலகி நில், கிளம்பப் போறன்.”

கொழும்பில் ஒரு முதலாளி, வழியில் நித்திரை கொண்டு மீனைப் பழுதாக்கியதாகச் சொல்லி ஒரு லோட்டைத் திருப்பி அனுப்பினார். அக்கா நேரே என்னிடம் வந்தார். குளிர்ப்பெட்டியின் சூட்டைக் காட்டும் மீற்றர் ஒன்றை டாஷ்போட்டில் பூட்டச் சொன்னார். அடுத்த பயணம் நானும் கூடப் போனேன். அந்த முதலாளி மறுபடியும் தொடங்க, அக்கா அவரை லொறியில் ஏற்றி மீற்றர் முள்ளைக் காட்டினார்.

“மீற்றர் பொய்யும் காட்டும்” என்றார் அவர்.

“அப்ப இறங்கி வந்து உள்ளுக்குக் கையை விடுங்கோ.”

முதலாளி முழங்கைவரை ஐஸுக்குள் கையை விட்டுப் பார்த்தார். மீனை இறக்கச் சொன்னார். ஆனாலும் அடுத்த கிழமை அக்காவை விட்டு வேறொரு லொறியைப் பிடித்துக்கொண்டார். நான் கொதித்துப்போனேன். அக்கா, “மீன் திங்கிறவன் அவன் ஒருத்தனோ?” என்று கேட்டுவிட்டுத் தம்புள்ளையில் மீன் வாங்குகிற வேறு ஆட்களைத் தேடிப் பிடித்தார். புற்றுநோய் வந்த பிறகும் கனகாலம் லொறி ஓடினார்.

செத்தவீடு முடிந்து சில நாட்களில் லொறியை வாங்க ஒருவர் வந்தார். உந்த மேலதிக மீற்றர்களைக் கழற்றி, பழையபடி ஆக்கித் தரவேண்டும் என்றார். அன்ரன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கழற்ற மாட்டேன் என்றேன். “அப்ப லொறியும் இல்லை” என்று அண்ணை வந்தவரை அனுப்பிவிட்டார். லொறி இன்னும் அவர்கள் வீட்டு வளவில்தான் நிற்கிறது. மகள் கனரக வாகன லைசன்சுக்குப் பழகுகிறாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கண்டபோது நான் கண் கலங்கினேன். அக்கா முகத்தைச் சுளித்தார். “என்னைப் பாவம் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கட்டளையைத்தான். அவரைத் தெரிந்தவர்களே, நீங்களும் சொல்லாதீர்கள்.