இறக்கிய வண்டி

எங்கள் கூட்டத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எத்தன விரல்?" என்பதுதான். கார் டயருக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் தகரத்துக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று அர்த்தம். கம்பெனியிலிருந்து அப்படியே வரும் கார்களில் முழுக்கையும் நுழையும். அதை நாங்கள் கார் என்றே மதிப்பதில்லை, லாரி என்போம். நான்கு விரல் என்றால் பயந்தாங்கொள்ளி. மூன்று விரல் என்றால் மனைவிக்குப் பயந்தவன். இரண்டு விரல் என்றால் உட்கார வைத்து டீ வாங்கித் தருவோம். என் கார் முன்பக்கம் இரண்டு விரல், பின்பக்கம் ஒன்றரை.

இதற்கு 'வண்டியை இறக்குவது' என்று பெயர். குட்டையான ஸ்பிரிங் போட்டு, அகலமான சக்கரம் மாட்டி, காரைத் தரையோடு தரையாக உட்கார வைப்பது. நாற்பத்தாறு வயதில், தி. நகரில் ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பவனுக்கு இது தேவையா என்று என் மனைவி கேட்காத நாள் இல்லை. தேவை என்று பார்த்தால் உலகத்தில் பாதிப் பொருள் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடையாறு பக்கம் கடற்கரையில் கூடுவோம். எட்டுப் பத்து கார்கள், எட்டுப் பத்து வாய்கள். ஒரிஜினல் ஸ்பிரிங்கையே அறுத்துக் குட்டையாக்குகிறவன் பாவி என்பது என் கட்சி. காசை மிச்சம் பிடிக்க அறுத்துவிட்டு, வண்டி தவளை மாதிரி குதித்தால் ரோட்டைத் திட்டுவான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பட்டனைத் தட்டினால் எழுந்து நிற்கும், மறுபடி தட்டினால் படுத்துக்கொள்ளும் காற்று சஸ்பென்ஷன் காரைக் கண்டால் எனக்கு இன்னும் எரியும். அது கார் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஷோவுக்குக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களோடு பேசவே மாட்டேன். இறக்கினால் இறக்கியபடி ஓட்ட வேண்டும். சட்டப்படி இதெல்லாம் சரியா என்று கேட்டால் மட்டும் எல்லா வாயும் ஒன்றாக மூடிக்கொள்ளும்.

இறக்கியபடி ஓட்டுவதற்கு ஒரு படிப்பு வேண்டும். மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை எந்தத் தெருவில் எந்த வேகத்தடை, அதில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். நேராக ஏறக் கூடாது. காரை மூலைவாட்டில் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். அதற்கும் மசியாத வேகத்தடை என்றால் உள்ளே இருப்பவர்கள் இறங்கி நடக்க வேண்டும். என் மனைவி இறங்கி நடந்து, அப்படியே ஆட்டோ பிடித்துப் போன நாட்களும் உண்டு.

எங்கள் தெரு மந்தைவெளியில் இருக்கிறது. ஒரு முனையில் இரும்புக் கம்பங்கள் நட்டிருப்பதால் கார் நுழைய முடியாது, பைக் மட்டும் நுழையும். அதனால் சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத பைக்குகள் எல்லாம் எங்கள் தெருவில்தான் பாயும். கார்கள் வந்துபோக இன்னொரு முனை மட்டும்தான். அந்த முக்கில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். மேலே நீலத் தார்ப்பாய், கீழே நாலு சக்கரம், நடுவில் பலகை, அதன்மேல் கரி போட்ட இஸ்திரிப்பெட்டி. அதன் சொந்தக்காரியைத் தெருவே 'அக்கா' என்றுதான் கூப்பிடும். ஐம்பது வயதிருக்கும். ஆற்றோரம் குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தபோது அக்காவின் குடும்பமும் போனது. ஆனால் வாடிக்கை இங்கேதான். விடியும்போதே பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் வரை நின்றபடி தேய்ப்பார்.

என் காரைப் பார்த்தால் அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது.

"இன்னா சார், வண்டி தரைய நக்கிக்கினு போவுது? எல்லாரும் துட்டு குடுத்து ஒசத்துவாங்க. நீ துட்டு குடுத்து எறக்கிக்கினு கீற."

"அழகா இல்லையாக்கா?"

"அயகாத்தான் கீது. இன்னா, மய பெஞ்சா மீன் புடிக்கலாம்."

எனக்குக் கோபம் வராது. கடற்கரையில் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் அரைமணி நேரம் சண்டை போட்டிருப்பேன்.

ஒருநாள் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அக்கா காரை மறித்தார்.

"சார், நீ ஆபீசுல லெட்டர் எய்தறவனாமே. எனுக்கு ஒரு மனு எய்திக் குடு. இந்த முக்குல ஒரு பிரேக்கர் போடச் சொல்லு. பைக்காரனுங்க பிச்சிக்கினு போறானுங்க. நாள் முச்சூடும் நின்னுக்கினே வேல செய்றவ நானு. எவனாவது இடிச்சு ஒரு மாசம் படுத்துட்டேன்னு வெய்யி, பொயப்பே பூடும்."

கேட்டது நியாயம். அன்று ராத்திரியே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள்: வேகத்தடை அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக. நன்றாகவே வந்திருந்தது. என் கடிதங்களை நானே மெச்சிக்கொள்வது பழக்கம். மறுநாள் அக்கா அதை வீடு வீடாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கினார். கடைசியில் தானும் போட்டார். எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதியதில் பெயரில் ஒரு கால் விட்டுப்போனது.

"ஒரு கால் வாங்கலையேக்கா."

"காலு இல்லன்னா இன்னா, நான்தான்னு தெரிலயா? எடுத்துக்கினு போ சார்."

வார்டு அலுவலகம் என் அலுவலகத்துக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. கொடுத்துவிட்டுப் போக ஐந்து நிமிடம். மனுவைக் காரின் டேஷ்போர்டுக்குள் வைத்தேன். முக்கைத் தாண்டும்போதுதான் புத்தியில் உறைத்தது. அந்த முக்கில் வேகத்தடை வந்தால் என் கார் வெளியே போகவே முடியாது. திருப்பத்திலேயே வரும் மேடு, காரை மூலைவாட்டில் திருப்ப இடம் கிடையாது. வயிறு மோதி உட்கார்ந்துவிடும். வேறு வழியும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு கார் ஷோ இருந்தது. பெயர் கொடுத்துவிட்டேன். ஷோ முடியட்டும், மனுவைக் கொடுக்கலாம், நான்கு வாரத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன். வேறு எந்த விதமாகவும் இதை எழுத எனக்கு வழியில்லை.

ஒரு வாரம் கழித்து அக்கா கேட்டார்.

"மனு குடுத்தியா சார்?"

"குடுத்துட்டேங்க்கா."

"இன்னா சொன்னாங்கோ?"

"பார்க்கிறோம்னாங்க."

"அப்டித்தான் சொல்லுவாங்கோ. போவட்டும், நீ மறக்காம குடுத்தியே."

ஷோவுக்கு நான்கு நாள் இருந்தது. புதன்கிழமை, பதினோரு மணி. மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"இஸ்திரி அக்காவ பைக் அடிச்சிருச்சுங்க. தேய்ச்ச துணியக் குடுக்க ரோட்ட தாண்டியிருக்காங்க. முக்குல திரும்பினவன் அப்படியே மேல ஏத்திட்டான். முழங்காலுக்குக் கீழ எலும்பு வெளிய தெரியுதுங்க. ஆட்டோல தூக்கிட்டுப் போயிருக்காங்க."

கேக்குதா, கேக்குதா என்று அவள் இரண்டு முறை கேட்டாள். கேட்டது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கீழே என் கார் நின்றிருந்தது. அதற்குள் மனு இருந்தது.

சாயங்காலம் முக்கில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். இஸ்திரிப்பெட்டியில் கரி அணைந்து சாம்பலாகியிருந்தது. "மனு குடுத்து ஒரு மாசம் ஆவப்போவுது. எவன் கேக்கறான்? ஆள் அடிபட்டாத்தான் அசைவானுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். "நீங்கதானே சார் கொண்டுபோய்க் குடுத்தீங்க?" என்று என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் அனுபவித்தேன். ஒரு தப்பும் செய்யாத ஓர் அலுவலகத்தைத் தெருவே திட்டிக்கொண்டிருந்தது, நானும் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக வார்டு அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தேதி போன மாசம் போட்டிருக்கே சார்?"

"எழுதி வெச்சு மறந்துட்டேன்."

முத்திரை குத்தி ஒரு கட்டின் மேல் வைத்தார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷோவுக்குப் போனேனா என்றால், போனேன். போகாமல் இருந்தால் அக்காவின் கால் சேர்ந்துவிடுமா என்று எனக்கே வக்காலத்து வாங்கிக்கொண்டு போனேன். யார் யாரோ என் கார் பக்கத்தில் மண்டியிட்டு விரல் விட்டுப் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பட்டன் காரா, ஸ்பிரிங் காரா என்று வழக்கமான சண்டை மூண்டது. "சொல்லுடா மச்சி, நீதானே பெரிய வாய்" என்று நண்பன் என்னை இழுத்தான். நான் ஒரு துணியை எடுத்துக் கார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கேடயத்தைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். எல்லாம் அக்கா தேய்த்த துணிகள்.

அந்த வாரமே வேகத்தடை போட்டுவிட்டார்கள். கறுப்பாக, பாதி முழங்கால் உயரம். அடுத்த ஞாயிறு காரை எடுத்தேன். மூலைவாட்டில் திருப்பப் பார்த்தேன், முடியவில்லை. மனைவியை இறங்கச் சொன்னேன், அப்படியும் முடியவில்லை. முன்சக்கரம் தாண்டியதும் காரின் வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் தள்ளிப் பின்பக்கமாகவே இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து கார் எங்கள் கட்டடத்துக்குக் கீழே உறை போட்டு நிற்கிறது.

பழைய ஸ்பிரிங்கை மாட்டி வண்டியை மறுபடி உயர்த்த இரண்டு நாள் வேலைதான். "ஏத்திடுங்களேன், எதுக்கு இந்த வீம்பு?" என்று மனைவி கேட்கிறாள். வீம்பு இல்லை. ஏற்றினால் எதையோ ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஏற்றாவிட்டாலோ தினம் உறை போட்ட காரைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. விற்கவும் கை வரவில்லை. மனைவி இரண்டு முறை அக்காவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து வந்தாள். நான் ஒருமுறை வாசல் வரை கூடப் போனேன். பழங்களை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டேன். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னாள்.

மூன்று மாதம் ஆனது. ஒருநாள் காலை பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது முக்கில் கரி வாசனை அடித்தது. அக்கா வந்திருந்தார்.

வண்டி ஏதோ மாதிரி இருந்தது. கிட்டப் போன பிறகுதான் புரிந்தது. நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டு, செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை உட்கார வைத்திருந்தார்கள். இடுப்பு உயரத்தில் இருந்த பலகை இப்போது வெகு தாழ்வாக இருந்தது. அக்கா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்க முடியாமல் நேராக நீட்டிக்கொண்டு, யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வா சார். நல்லா கீறியா? இனிமே நிக்கவே கூடாதுன்ட்டாரு டாக்டரு. அத்தான் என் தம்பி வண்டிய எறக்கிக் குடுத்தான். உன் காராட்டம்." சொல்லிவிட்டு அதே சிரிப்பு சிரித்தார்.

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அக்கா, அந்த மனு..."

"அத்த மறப்பனா சார்? நீ மட்டும் குடுக்கலன்னா இந்த பிரேக்கர் வந்திருக்குமா? இப்போ ஒருத்தனும் பாய மாட்டேன்றான். உன் வண்டியே வெளிய வர முடிலயாமே, உன் சம்சாரம் சொல்லிச்சு. அப்டி இருந்தும் குடுத்த பாரு. நல்லா இருப்ப."

"இல்லக்கா, நான்..."

"அத்த வுடு சார். இத்தப் பாரு. ஒசரம் சரியா கீதா? உக்காந்துக்கினு தேய்ச்சா தோளு ரெண்டும் கயண்டு வுயுற மாரி வலிக்குது. தம்பிக்கு ஒண்ணும் தெரில. உனுக்குத்தான் இந்த வேல அத்துப்படி."

பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன். நடைபாதையில் மண்டியிட்டு, பலகையின் உயரத்தையும், ஸ்டூலையும், பெட்டியைப் பிடித்திருந்த முழங்கை நிற்கும் இடத்தையும் பார்த்தேன். நீட்டிய கால் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. அக்கா பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

"இன்னும் ஒரு செங்கல் எறக்கணும்க்கா" என்றேன்.