மழைக்கு ஒதுங்கும் வாசல்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பூட்டிக் கிடக்கும் ஒரு கடை வாசலில், கதவில் ‘வாடகைக்கு’ என்று எழுதியிருக்கும் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு நிற்கிறேன். திருப்பூரிலிருந்து ஸ்வெட்டர் கொண்டுவந்து விற்க இடம் தேடுகிறேன். தரகர் ரயில் நிலையத்தருகே காட்டிய கடை பளபளவென்று இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இங்கே, சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறு என்பதால், சாமான் வாங்கிய தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. எல்லாரும் இந்த வாசலுக்கு ஓடி வருகிறார்கள்.

“இந்தக் கடையவா எடுக்கப் போறீங்க? வேணாங்க” என்கிறார் பக்கத்தில் ஒதுங்கிய அக்கா. “மழை வந்தா நாங்கதான் வாசல மறைச்சிக்கிட்டு நிப்போம். முன்னாடி இருந்தவரு எங்கள வெரட்டி வெரட்டியே கடைய மூடிட்டுப் போனாரு.”

நனைந்த சேலையில் அவருக்கு உடம்பு நடுங்குகிறது. நான் கடைச் சொந்தக்காரருக்குப் போன் போடுகிறேன்.

“நான் வெரட்ட மாட்டேன்க்கா. உள்ள கூப்பிடுவேன்.”