குளிரில் உறங்கும் பிள்ளை

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்கள் கீழ்வீட்டுப் பல்கனியில், பனி கொட்டுகிற மதியத்தில், ஒரு கைக்குழந்தை தள்ளுவண்டிலுக்குள் நித்திரை கொள்ளும். முதலில் கண்டபோது பிள்ளை விறைத்துப்போகும் என்று நினைத்தேன். கார்த்திகை மழைக்கே பிள்ளையின் காதுக்குப் பஞ்சு வைக்கிற சனம் நாங்கள். ஓடிப்போய் மணியடித்தேன். தாய் ஹெலி சிரித்தாள். தன் நாடான பின்லாந்தில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானாம், கம்பளிக்குள் சுற்றிக் குளிரில் விட்டால் நன்றாக உறங்குமாம். கை வைத்துப் பார்த்தேன். பிள்ளை கதகதப்பாகத்தான் இருந்தான்.

அவளுடைய கணவன் தூரத்து எங்கடின் மலைப்பக்கத்தில் ஹோட்டல் சமையல்காரன். சுற்றுலாப் பருவம் முடிந்தால்தான் வீட்டுக்கு வருவான். ஏழு வயது மூத்தவள் ஐனோ, தாய் பின்னிஷ் மொழியில் கேட்டால் சுவிஸ் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். என் பிள்ளைகளும் என்னிடம் அப்படித்தான்.

எதிர்க் கட்டடத்தில் யாரோ முறைப்பாடு செய்துவிட்டார்கள். பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இருவர் வந்தார்கள். ஹெலி துணைக்கு என்னையும் இருத்தினாள். பிள்ளையை ஏன் வெளியில் விடுகிறீர்கள் என்று வந்தவர்களில் ஒரு பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். ஹெலி யோசித்தாள். கேட்டவுடன் வாய் திறந்தால் கேள்வியை மதிக்கவில்லை என்று நினைக்கிற ஊர் அவளுடையது. அந்தப் பெண்ணோ, ஹெலி எதையோ மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகதி விசாரணையில் நான் மூச்சுவிடாமல் கதைத்தேன், நம்பவில்லை. இவள் பேசாமல் இருந்தாள், அதையும் நம்பவில்லை. இவர்களிடம் எவ்வளவுதான் கதைப்பது?

பிறகும் வந்துகொண்டேயிருந்தார்கள். ஹெலி பிள்ளையை வெளியே விடுவதை நிறுத்தினாள். சூடான அறைக்குள் உறங்க முடியாமல் அவன் கத்தினான். அழுகை வெளியே கேட்குமென்று அவள் யன்னல்களைப் பூட்டினாள். நான் சாப்பாடு கொண்டுபோனாலும் கதவு திறக்கப் பயந்தாள்.

“நீர் ஏன் அதுக்குள்ள போறீர்? பிறகு எங்களையும் விசாரிப்பாங்கள்,” என்றார் என் கணவர். எனக்கும் பயம்தான்.

ஒருநாள் அவளே மேலே வந்தாள். “இவனை அவர்கள் பிடுங்குவதற்கு முன் பின்லாந்துக்குக் கொண்டுபோகிறேன். ஐனோ வரமாட்டாளாம். தன் ஊர் இதுதானாம்,” என்றாள். பள்ளிக்கூட விடுமுறை வரும்வரை மூத்தவள் எங்களோடு இருப்பதென்று முடிவானது.

லூசேர்ன் ரயில் நிலையத்துக்குத் தகப்பனால் வர முடியவில்லை, லீவு இல்லை. ஹெலி தன் மொழியில் மகளைக் கூப்பிட்டாள். ஐனோ என் கையை விடவில்லை. மகனை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ஒரு கால் ரயில் படியிலும் மறுகால் நடைமேடையிலுமாக ஹெலி நின்றாள். மூட முடியாத கதவு கூவியது. நடத்துநர் வந்து பணிவாகக் கேட்டார்.

“ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா?”