ஏசி ரூம் வேலை

இறால் கம்பெனியின் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்ததும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'முழுவதும் ஏசி அறையில் பணி' என்று போட்டிருந்தது. கோட்டைக்குப்பத்தில் ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? போனிலேயே விண்ணப்பித்தேன். "எம்பொண்ணுக்கு ஏசி ரூம்ல வேலை" என்று நைனா தெருவெல்லாம் சொன்னார்.

அவர்கள் ஏசி அறை என்றது இறால் உரிக்கும் கூடத்தைத்தான். ஐஸில் கிடக்கும் இறாலை நாளெல்லாம் நின்றபடி உரிக்க வேண்டும். மதியத்துக்குள் விரல்கள் மரத்துப்போயின. பக்கத்தில் நின்று உரித்தவரைப் பார்த்தால், அந்தப் படத்தில் இருந்த பெண்!

"இன்னாக்கா, போட்டோல அப்டி சிரிச்சிகினு இருந்தீங்க?" என்றேன்.

"அன்னிக்கு ஒரு நாளுதாம்மா ஐஸ்ல கை வெக்காம வுட்டாங்க. சிரிப்பு தானா வந்துச்சு."

போன மாதம் புதுப் படத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கோட்டு கொடுத்து வெயிலில் நிற்க வைத்தார்கள். விரல்களில் சூடு ஏறியது. யாரும் சிரிக்கச் சொல்லவில்லை, சிரித்துவிட்டேன்.

இப்போது அந்தப் பக்கத்தில் நான் இருக்கிறேன். அதைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண்ணும் விண்ணப்பித்திருக்கிறாள். பொய்ச் சிரிப்பாக இருந்திருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள்.