ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு விண்ணப்பமும்

அந்த விண்ணப்பத்தில் மொத்தமே ஐந்து கேள்விகள். பெயர், வயது, தொழில், இந்தப் பங்கில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறேன் என்ற நான்கையும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். ஐந்தாவது, 'இப்பணியை ஏற்க ஏன் விரும்புகிறீர்கள்?' அதன் கீழே இருந்த மூன்று கோடுகளும் காலியாகவே கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விண்ணப்பங்கள் ஆயர் இல்லத்துக்குப் போய்விடும் என்று பங்குத்தந்தை சொல்லியிருந்தார். அன்று வெள்ளி, மாதத்தின் முதல் வெள்ளி.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், குருவானவர் ஒருவர், கிளைக் கிராமங்கள் பதினொன்று. கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு, மாதத்தின் முதல் வெள்ளியன்று வீட்டுக்கே போய் நற்கருணை அப்பம் கொடுக்க, குருவல்லாத பொதுநிலையினர் சிலரை அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் கை தூக்கினேன். மூன்று மாதமாகப் பயிற்சியாகப் போய்வந்துகொண்டிருந்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். எழுதத்தான் முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் என் ஒரே மகன், கல்லூரியில் கடைசி வருடம், ஒரு காலையில் கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கி எழுந்தான். சிறுநீரகம். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி நடையில், லிஃப்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நின்று, "இவனை என்னிடம் விட்டுவிடும். மிச்சக் காலமெல்லாம் உம் வேலையைச் செய்கிறேன்" என்று சொன்னேன். வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் அவன் சாப்பிடும் மாத்திரை நோய் எதிர்ப்பைக் குறைக்கும். இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் பக்கம் விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்கிறேன், வீக்கம் திரும்பிக் குழி விழுகிறதா என்று. முதல் வெள்ளிக்குப் போகாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாலும் அந்தக் கால்தான் கண்முன் வரும். அதை ஆண்டவரின் அழைத்தல் என்று எப்படி எழுதுவது?

பள்ளி விட்டதும் கோயிலுக்குப் போய், அப்பம் வைத்த நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. என்ஜின் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது. சிமிழ் கழுத்தில் இருக்கும்போது வழியில் யாரோடும் பேசுவதில்லை என்பது நாங்கள் வைத்திருக்கும் முறை. பக்கத்து பைக்கில் இருந்த மாணவனின் அப்பா, "டீச்சர், பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். நல்லாயிருக்கிறான் என்றா, இல்லை என்றா, அவருக்கு என்ன புரிந்ததோ.

நான்காவது வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர், வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டவர். சத்துணவு மையத்தில் சமைக்கும் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். வழக்கம்போல ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே இருந்த டப்பாவைப் போன மாதமும் பார்த்திருந்தேன். காசநோய் மாத்திரை வரும் அரசாங்க டப்பா.

செபம் சொல்லி, அப்பத்தில் கால் துண்டை எடுத்து, "கிறிஸ்துவின் உடல்" என்றேன். "ஆமென்" என்பது அவர் வாயில் ஏதோ ஒரு சத்தமாக வந்தது. நாக்கில் வைத்தேன். மகள் ஸ்பூனில் தண்ணீர் விட்டாள். அது தொண்டையில் மாட்டி இருமல் வந்தது. உடல் முழுக்கக் குலுங்கும் இருமல். நான் கையை நீட்டியது யோசித்து அல்ல. எச்சிலோடும் சளியோடும் அந்தத் துண்டு என் உள்ளங்கையில் விழுந்தது.

இதற்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கிறிஸ்துவின் உடல் என்பதால் அதை எறியக் கூடாது. நோயாளி விழுங்க முடியாமல் துப்பிவிட்டால் பணியாளர் அதை உட்கொள்ளலாம். முடியாவிட்டால் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, யார் காலும் படாத மண்ணில் ஊற்ற வேண்டும். பங்குத்தந்தை அதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம். நான் குறிப்பேட்டில் அடிக்கோடுகூட இட்டேன்.

உள்ளங்கையைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். அந்த அறையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வாங்க" என்றேன்.

அவள் கொண்டுவந்தாள். துண்டைப் போட்டேன். அது அடியில் போய்ப் படிந்துகொண்டது. டம்ளரோடு ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. கரையும்வரை உட்கார வேண்டியதுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. நாற்காலியே மகள் பக்கத்து வீட்டிலிருந்துதான் வாங்கி வந்தாள்.

பெரியவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லாயிருந்த பக்கத்துக் கண்ணில் தண்ணீர் நின்றது. துப்பிவிட்டோமே என்றா, நான் செய்ததைப் பார்த்தா, தெரியாது.

"அந்த டப்பாவைப் பாத்தீங்களா டீச்சர்?" என்றாள் மகள், கோபமில்லாமல்.



அவள் எழுந்துபோய் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் திறந்தாள். ஊசி, நூல்கண்டு, நாலைந்து சட்டைப் பொத்தான். "மாத்திரை கோர்ஸ் போன வருசமே முடிஞ்சுது. சளியெல்லாம் டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. டப்பா நல்லா இருக்கேன்னு வெச்சுக்கிட்டேன். இப்ப இருமறது, தண்ணி வழி மாறிப் போயிடுது, அவ்வளவுதான்."

"எம் பையனுக்கு உடம்பு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் டீச்சர். கோயில்ல அவனுக்காக மன்றாட்டு வாசிச்சாங்கல்ல. அப்பாவும் தெனம் ஒரு செபமாலை சொன்னாரு. அப்ப வாய் நல்லா இருந்துச்சு."

அதற்குப் பிறகு நான் டம்ளரை மட்டுமே பார்த்தேன். இருபது வருடமாகக் கரைசல் பற்றிப் பாடம் எடுக்கிறேன். ஒரு துண்டு அப்பம் கரைய இவ்வளவு நேரமாகும் என்று நினைத்ததில்லை. கடைசியில் தண்ணீர் லேசாகக் கலங்கி, துண்டு காணாமல் போனது.

கொல்லையில் செங்கல் சுற்றி வைத்த கறிவேப்பிலைச் செடியைக் காட்டினாள். "இங்க யாரும் மிதிக்க மாட்டாங்க." ஊற்றினேன். டம்ளரைக் கழுவி அந்தத் தண்ணீரையும் ஊற்றினேன்.

"இனிமே இதுல பறிக்கலாமா டீச்சர், கூடாதா? நாளைக்கு ரசம் வெக்கணும்."

எனக்குத் தெரியவில்லை. "ஃபாதர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிச்ச மூன்று வீடும் முடித்து, சிமிழைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், உள்ளே போகாமல் வெளிக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டாவது முறை கழுவும்போது மகன் கதவருகே வந்து நின்றான்.

"யாரைத் தொட்டுட்டு வந்தே?"

சொன்னேன். டப்பாவையும் சொன்னேன். ஆஸ்பத்திரி நடையில் சொன்ன வார்த்தைகளை இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவனிடம் சொன்னேன். பாராட்டுவான் என்று நினைத்தேனோ என்னவோ.

"என்னை வெச்சு ஆண்டவர்கிட்ட பேரம் பேசுனியா?"

"உன்னைக் காப்பாத்தணும்னு..."

"சரிம்மா. நாளைக்கு மறுபடி வீங்குச்சுன்னா? போறதை நிறுத்திடுவியா?"

குழாயை மூடினேன். அவன் உள்ளே போய்விட்டான். சனிக்கிழமை முழுக்க அந்தக் கேள்வி என்னோடே இருந்தது. அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதும், விடைத்தாள் திருத்தும்போதும். நிறுத்துவேன் என்றால், அந்தப் பெரியவரின் வீட்டுக்கு நான் ஒருநாளும் போகவே இல்லை. மூன்று மாதமும் என் மகனின் காலடியில்தான் நின்றிருக்கிறேன். நிறுத்த மாட்டேன் என்றால், அது எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிறு காலை அவன் தூங்கும்போது வழக்கம்போலக் கணுக்காலை நோக்கிக் கை போனது. தொட்டேன். அழுத்தாமல் எடுத்துக்கொள்ள நினைத்து, அழுத்திவிட்டேன். குழி விழவில்லை. விழுந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்பது வேறு.

பூசை முடிந்து பங்குத்தந்தையின் அறையில் விண்ணப்பத்தை வைத்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லாவற்றையும் சொன்னேன். நேர்ந்துகொண்டதை, டம்ளரை, சோப்பை. "நான் இதுக்கு ஆளில்ல ஃபாதர். பயத்துலதான் வந்தேன்."

அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிறகு, "சரி. அடுத்த மாசம் அந்த வீட்டுக்கு யாரைப் போடட்டும்? லிஸ்ட் போடணும்" என்றார்.

"நான் போறேன்" என்று என் வாய் சொன்னது. மகனைப் பற்றிய நினைப்பு அதன் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நான் கவனித்தேன்.

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். ஐந்தாவது கேள்விக்குக் கீழே, முதல் கோட்டில், 'அந்த வீட்டுக்கு நான் மறுபடி போக வேண்டும்' என்று எழுதினேன்.

"எந்த வீடுன்னு ஆயருக்குத் தெரியாதே" என்றார்.

"எனக்குத் தெரியும் ஃபாதர்."

அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை. எழுந்து கதவருகே போனதும் ஞாபகம் வந்து கறிவேப்பிலையைப் பற்றிக் கேட்டேன்.

"கரைஞ்சதுக்கு அப்புறம் அது தண்ணிதான். தாராளமாப் பறிக்கச் சொல்லுங்க" என்றார்.

இதை எழுதும் இன்று, அடுத்த முதல் வெள்ளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பெரியவருக்கு மறுபடி இருமல் வரலாம். என் கை தானாக நீளும், அது தெரியும். நீண்ட கை அதற்குப் பிறகு வாய்க்குப் போகுமா, டம்ளருக்குப் போகுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.